நம்ம ஊருக்கு எதுக்குங்க சுனாமி பாடம்?

போன வாரம் ஓ.பி.யில ஒரு பெரியவர். வெள்ளிமலைப் பக்கத்துல இருந்து சர்க்கரை மாத்திரைக்கு மாசாமாசம் வர்றவர். சீட்டு எழுதிக் கொடுத்தும் எழுந்திருக்காம உட்கார்ந்தே இருந்தார். "என்னங்கய்யா, வேற ஏதாவது தொந்தரவா?"ன்னு கேட்டேன். பேரனோட போனை எடுத்து நீட்டினார். வாட்ஸ்அப் வீடியோ. கல்வராயன் மலை ஒரு தூங்குற எரிமலையாம், சீக்கிரமே பெரிய பூகம்பம் வந்து வெடிக்கப் போகுதாம். பின்னணியில திகில் படத்து மியூசிக் வேற.

நான் சிரிச்சுட்டேன். அவர் சிரிக்கல. "வீட்டுல கெழவி நாலு நாளா தூங்கல சார். மலை வெடிக்குமா?"

"வெடிக்காதுங்கய்யா. அது எரிமலையே இல்ல."

"சரி, சுனாமி? அது நமக்கு வராதுல்ல?"

"அதுவும் வராது. கடல் எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்"னு சொல்லி அனுப்பிட்டேன். ராத்திரி வீட்டுக்கு வந்து யோசிச்சப்பதான் உறைச்சது. முதல் பதில் சரி. ரெண்டாவது பதில் பாதிதான் சரி. அந்த மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பதிவு. நீளம்தான், பொறுமையா படிங்க.

முதல்ல மலை. கல்வராயன் மலையில நீங்க பார்க்குற கரும்பாறைகள் பெரும்பாலும் சார்னோக்கைட் வகை. பூமிக்கு அடியில பல கிலோமீட்டர் ஆழத்துல, பயங்கர வெப்பத்துலயும் அழுத்தத்துலயும் உருவாகி, கோடிக்கணக்கான வருஷமா மேல இருந்த மண்ணும் பாறையும் அரிச்சுப் போனதால வெளிய தெரியுற கல்லு. வயசு ஏறத்தாழ 250 கோடி வருஷம். (பேரு வந்த கதை வேடிக்கையானது. கல்கத்தாவுல இருக்குற ஜாப் சார்னாக்ங்கிற வெள்ளைக்காரரோட கல்லறைக் கல் இந்த வகைப் பாறை. சென்னைப் பக்கத்துல இருந்து கொண்டுபோனது. அவர் பேரையே கல்லுக்கு வெச்சுட்டாங்க.) எரிமலைக்குத் தேவையான உருகின பாறைக் குழம்பு நம்ம மலைக்கு அடியில இல்ல. பாட்டி நிம்மதியா தூங்கலாம்.

அப்போ நிலநடுக்கமே வராதா? இங்கதான் நாம இன்னொரு பக்கம் சாய்ஞ்சிடுறோம். "தக்காணப் பீடபூமி உறுதியானது, ஒண்ணும் ஆகாது"ன்னு பள்ளிக்கூடத்துல படிச்சதை அப்படியே பிடிச்சுக்கிட்டு இருக்கோம்.

நாம உட்கார்ந்திருக்குற இந்தியத் தட்டு வருஷத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்கா நகருது. நம்ம நகம் வளர்ற வேகம்தான். வடக்கே அது ஆசியாவுல மோதுற இடத்துல இமயமலை. கிழக்கே அந்தமான், சுமத்ரா பக்கம் அது இன்னொரு தட்டுக்கு அடியில சொருகிக்கிட்டுப் போகுது. பெரிய பூகம்பமெல்லாம் அந்த ஓரங்கள்ல. நாம நடுவுல இருக்கோம். ஆனா ஓரத்துல விழுற அழுத்தம் நடுவுக்கும் வரும். நடுவுல பழைய விரிசல்கள் இருந்தா, அங்க எப்பவாவது ஒரு தடவை பாறை நழுவும். கல்வராயனுக்குத் தெற்கே ஆத்தூர் பள்ளத்தாக்கு வழியா அப்படி ஒரு பழைய நழுவல் மண்டலம் போறதை நிலவியல்காரங்க வரைபடத்துல காட்டுவாங்க. அதுக்காக நாளைக்கே குலுங்கும்னு அர்த்தம் இல்ல. பூமி முழுக்க இப்படித் தழும்புகள் உண்டு.

1900 பிப்ரவரி 8 அன்னைக்குக் கோயம்புத்தூர் பக்கம் 6 ரிக்டர் அளவுல நிலநடுக்கம் வந்திருக்கு. 2001 செப்டம்பர் 25ல புதுச்சேரிக்கு அருகே கடலுக்குள்ள 5.5 அளவுல வந்தப்போ சென்னை வரைக்கும் ஜனங்க தெருவுக்கு ஓடி வந்தாங்க. 1993 செப்டம்பர் 30, மகாராஷ்டிராவுல லாத்தூர். அதிகாலை நாலு மணிக்குச் சற்று முன்ன, 6.2 அளவு. பத்தாயிரம் பேர்கிட்ட இறந்துட்டாங்க. அந்த நாள்ல லாத்தூர் இருந்தது "முதல் மண்டலம்", அதாவது இருக்குறதிலயே பாதுகாப்பானதுன்னு குறிச்சிருந்த பகுதி. அதுக்கப்புறம் 2002ல வரைபடத்தைத் திருத்தினப்போ முதல் மண்டலம்ங்கிறதையே எடுத்துட்டாங்க. சென்னை இரண்டாவதுல இருந்து மூணாவதுக்கு மாறுச்சு. அந்த வரைபடத்துல தமிழ்நாடு முழுக்க இரண்டு, மூணுதான். அபாயம் குறைவு. ஆனா பூஜ்யம்ங்கிற கட்டமே அதுல கிடையாது.

இந்த எண்களைப் பத்தி ஒண்ணு சொல்லிடுறேன். அளவுல ஒண்ணு கூடினா ஆற்றல் 32 மடங்கு கூடும். 2004 சுனாமிக்குக் காரணமான நடுக்கம் 9.1. கோவை நடுக்கத்தைப் போல ஏறத்தாழ 45 ஆயிரம் மடங்கு. ரெண்டையும் "பூகம்பம்"னு ஒரே வார்த்தையில சொல்றோம், அவ்வளவுதான்.

அப்புறம் தேதி. "இந்த மாசம் 17ஆம் தேதி பூகம்பம்"னு எவன் சொன்னாலும் அது பொய். அமெரிக்காக்காரனாலயும் முடியாது, ஜப்பான்காரனாலயும் முடியாது. தேதி போட்டு வர்ற வீடியோவை ஃபார்வர்ட் பண்ணாம அழிச்சிடுங்க. எங்கயாவது கிணத்துக்கு வெடி வெச்சாலும், விமானம் ஒலி வேகத்தைத் தாண்டிப் போனாலும்கூட ஜன்னல் அதிரும். அதுக்கும் பூகம்பம்னு பேரு வெச்சுடுறோம்.

இப்ப அந்த மீதிப் பாதி.

2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை. நம்ம நேரம் காலை 6.29 மணி. சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளத்துக்குத் தட்டு விடுபட்டது. ஜிப் பிரியுற மாதிரி தெற்குல இருந்து வடக்கா அந்தமான் வரைக்கும், முழுசா விடுபட எட்டு பத்து நிமிஷம் எடுத்துக்கிச்சு. கடலோட தரை சில மீட்டர் மேல எழும்பினா, அதுக்கு மேல இருக்குற மொத்தக் கடலும் எழும்பணும். அதுதான் சுனாமி. காத்தடிச்சு வர்ற அலை மேல்தண்ணியை மட்டும்தான் ஆட்டும். இது அடியில இருந்து மேல வரைக்கும் மொத்தத் தண்ணியும் நகர்றது. ஆழ்கடல்ல வேகம் மணிக்கு 700, 800 கிலோமீட்டர். ஆனா உயரம் ஒரு மீட்டர்கூட இல்ல. வானத்துல இருந்த செயற்கைக்கோள் அளந்தப்போ நடுக்கடல்ல சுமார் 60 சென்டிமீட்டர்தான். படகுல இருந்தவனுக்குத் தெரியவே தெரியாது. கரைக்கிட்ட ஆழம் குறையக் குறைய வேகம் குறைஞ்சு, பின்னாடி வர்ற தண்ணி முன்னாடி இருக்குறது மேல ஏறி, சுவரா நிக்கும்.

கடலுக்கடியில நடுங்கினாலே சுனாமி வந்துடாது. 2012 ஏப்ரல் 11ல அதே சுமத்ரா கடல்ல 8.6 அளவுல நடுங்குச்சு. சென்னையில ஆபீஸையெல்லாம் விட்டு ஜனங்க வெளிய ஓடி வந்தாங்க, ஞாபகம் இருக்கும். பெருசா அலை வரல. அன்னைக்குத் தட்டு பக்கவாட்டுல உரசி நகர்ந்துச்சு, தண்ணியை மேல தூக்கல.

2004ல அந்த அலை நம்ம கரைக்கு வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ரெண்டு மணி நேரம்! கள்ளக்குறிச்சியில இருந்து பஸ் ஏறினா விழுப்புரம் தாண்டிப் போயிடலாம். அவ்வளவு நேரம் இருந்தும் யாருக்கும் தகவல் இல்ல. தமிழ்நாட்டுல மட்டும் கிட்டத்தட்ட 8,000 பேர். அதுல ஆறாயிரத்துக்கு மேல நாகப்பட்டினம் மாவட்டத்துல.

செத்தவங்க எல்லாரும் மீனவர்கள்னுதான் நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை. வேளாங்கண்ணியில எவ்வளவு கூட்டம் இருந்திருக்கும்? கோயிலுக்கு வந்து, பிள்ளைகளைக் கடல்ல விளையாட விட்டுட்டு மணல்ல உட்கார்ந்திருந்த உள்ளூர்க்காரர் அல்லாத ஜனங்க. கடலைப் பார்க்காத ஊர்கள்ல இருந்து வந்தவங்க. நம்மள மாதிரி.

இதைத்தான் அந்தப் பெரியவர்கிட்ட நான் சொல்லாம விட்டேன். சுனாமி கள்ளக்குறிச்சிக்கு வராது. எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் தாண்டி வர வாய்ப்பே இல்ல. ஆனா கள்ளக்குறிச்சிக்காரங்க கடலுக்குப் போவாங்க. ஸ்கூல் டூர் புதுச்சேரிக்கு, நேர்த்திக்கடன் வேளாங்கண்ணிக்கு, மாசி மகத்துக்குக் கடலூர், வேலைக்குச் சென்னை, சிங்கப்பூர், மலேசியா. கடற்கரையில பொறந்து வளர்ந்தவனுக்குக் கடலோட முகம் மாறினா ஏதோ தப்புன்னு உள்ளுக்குள்ள அடிக்கும். நமக்கு அது தெரியாது. தண்ணி திடீர்னு உள்வாங்கி, பாறையும் மீனும் தெரிஞ்சா நாம செல்ஃபி எடுக்க உள்ள போவோம். அதனால இந்தப் பாடம் கடலூர்ப் பிள்ளையைவிட சங்கராபுரம் பிள்ளைக்குத்தான் முதல்ல தேவைன்னு நான் சொல்லுவேன்.

பாடமும் பெரிசு இல்ல. கரையில நிக்கும்போது நிலம் ரொம்ப நேரம் ஆடினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறா பின்வாங்கினாலோ, விமானம் மாதிரி இரைச்சல் கேட்டாலோ, பையைத் தேடாதீங்க. செருப்பைத் தேடாதீங்க. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு உள்நாட்டுப் பக்கம், இல்லன்னா பக்கத்துல இருக்குற உறுதியான கட்டடத்தோட மேல்மாடிக்கு. முதல் அலை போனதும் இறங்கி வந்துடாதீங்க, ரெண்டாவது மூணாவது இன்னும் பெருசா இருக்கலாம். சுமத்ரா பக்கத்துல சிமிலுவேன்னு ஒரு தீவு, அந்த நடுக்கம் வந்த இடத்துக்குக் கிட்டத்துலயே. 1907ல ஒரு சுனாமி பார்த்தவங்க. பாட்டன் பாட்டி தாலாட்டுலயும் கதையிலயும் அதைச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்காங்க. 2004ல நிலம் ஆடினதும் மொத்தத் தீவும் மேட்டுக்கு ஓடிடுச்சு. ஏறத்தாழ 78 ஆயிரம் பேர்ல இறந்தது ஏழே பேர். எந்தக் கருவியும் கிடையாது.

நம்ம பக்கத்துலயே ஒண்ணு இருக்கு. புதுச்சேரி நல்லவாடு. அந்த ஊர்ப் பையன் ஒருத்தர் சிங்கப்பூர்ல டிவியில செய்தி பார்த்துட்டு வீட்டுக்குப் போன் போட்டார். ஊர்ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்தின தகவல் மையத்துல ஒலிபெருக்கி இருந்துச்சு, மீனவங்களுக்குக் கடல் நிலவரம் சொல்றதுக்காக வெச்சது. அதுல கத்தினாங்க. மூவாயிரத்துக்கு மேல ஜனம் இருந்த ஊர் காலியாச்சு. ஒரு போன், ஒரு குழாய் ரேடியோ. இப்ப 2007ல இருந்து ஹைதராபாத்ல எச்சரிக்கை மையம் இருக்கு. கடலடியில கருவிகள் இருக்கு. சில நிமிஷத்துல தகவல் கொடுத்துடுவாங்க. ஆனா கடைசி ஒரு கிலோமீட்டருக்கு இன்னும் அந்தக் குழாய் ரேடியோதான் வேணும்.

கடலூர் மாவட்டத்துக் கணக்கு ஒண்ணை ஆக்ஸ்பாம் வெளியிட்டிருந்தது. இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146. ஏன்? ஆம்பளைங்க நிறைய பேர் படகுல நடுக்கடல்ல இருந்தாங்க, அங்க அலை தெரியல. பொம்பளைங்க மீனுக்காகக் கரையில காத்திருந்தாங்க. பிள்ளைகளைத் தேடி ஓடினாங்க. நீச்சல் தெரியாது. புடவை காலைச் சுத்திக்கிச்சு. இயற்கை எல்லாரையும் ஒண்ணாத்தான் பார்க்கும்னு சொல்றவங்ககிட்ட இந்த ரெண்டு எண்ணைக் காட்டுங்க. பொம்பளைப் பிள்ளைக்கு நீச்சல் கத்துக் கொடுங்கன்னு நான் சொன்னா "கிணத்துல எறங்கினா ஊர் என்ன பேசும்"னு கேக்குற அப்பாக்களுக்கும் சேர்த்துத்தான்.

இதோட மருத்துவப் பக்கம் பலருக்குத் தெரியாது. பிள்ளைகளை இழந்த அம்மாக்கள்ல நிறைய பேர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணினவங்க. இருந்த ரெண்டும் போயிடுச்சு, இனி பிறக்கவும் வழியில்ல. தமிழ்நாடு அரசு தன் செலவுல குழாயைத் திரும்ப இணைக்குற ஆபரேஷனுக்கு ஏற்பாடு பண்ணுச்சு. ஒரு இயற்கைச் சீற்றம் எங்க வரைக்கும் போகும்னு எனக்குப் புரிய வெச்ச விஷயம் அது. இன்னொண்ணு, பிணங்களால கொள்ளைநோய் பரவும்ங்கிற பயம். அவசர அவசரமா அடையாளம் பார்க்காம மொத்தமா புதைக்குறது அதனாலதான். அடிபட்டும் மூழ்கியும் இறந்தவங்க உடம்பால பெருசா நோய் பரவாதுன்னு உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லுது. நோய் பரப்புறது முகாம்ல இருக்குற தண்ணியும் கக்கூஸும். ஆச்சே மாகாணத்துல சுனாமிக்கு அப்புறம் டெட்டனஸ்ல நூத்துக்கு மேல பேர் விழுந்தாங்க, சின்னச் சின்ன காயத்துல. டி.டி. ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு நீங்களும் ஒரு தடவை யோசிங்க.

சரி, நிலநடுக்கத்துக்கு வர்றேன். நமக்குன்னு ஒரு அபாயம் இருந்தா அது இதுதான்.

பூகம்பம் ஆளைக் கொல்றது ரொம்பக் குறைவு. வீடுதான் கொல்லும். லாத்தூர்ல கருங்கல்லை மண்ணு வெச்சுக் கட்டின தடிச் சுவரும், அதுக்கு மேல கனத்த மண் கூரையும் தூங்கினவங்க மேல விழுந்துச்சு. 2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பத்துல, மையத்துல இருந்து 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருந்த அகமதாபாத்ல புது அபார்ட்மென்ட்கள் சரிஞ்சுச்சு. கீழ கார் நிறுத்த வெறும் தூண்களா விட்டு, மேல நாலு மாடி. இப்ப நம்ம டவுன்ல புதுசா எழும்புறதைப் பாருங்க. ஒரு மாடிக்குப் போட்ட கடைக்கால் மேல மூணு மாடி, கீழ கடைக்குன்னு சுவரே இல்லாம ஷட்டர். மலையிலயும் பழைய மண்சுவர், புல்லுக்கூரை வீடு போய் ஹாலோ பிளாக், கான்கிரீட் வருது. மழைக்கு நல்லதுதான். ஆனா கட்டுற முறையும் சேர்ந்து வரணும்ல?

நான் இன்ஜினியர் இல்ல. இன்ஜினியர் நண்பர்கிட்ட கேட்டதுல மனசுல நின்னது ரெண்டு. தூண் கம்பியைச் சுத்திப் போடுற ரிங் நெருக்கமா இருக்கணும், அதோட கொக்கி வெறும் எல் மாதிரி நிக்காம உள்ள 135 டிகிரி மடங்கி இருக்கணும். சுவர்க் கட்டடம்னா ஜன்னல் வாசலுக்கு மேல வீடு முழுக்கச் சுத்தி வர்ற மாதிரி பெல்ட் கான்கிரீட் போடணும். மொத்தச் செலவுல இது பெரிய தொகை ஆகாது. டைல்ஸுக்கு எவ்வளவு செலவு பண்றோம்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இனி என் வேலை சம்பந்தப்பட்டது. இடிபாட்டுல கால் மாட்டிக்கிட்ட ஒருத்தர், அஞ்சாறு மணி நேரம் கழிச்சு ஊரே சேர்ந்து தூணைத் தூக்கி வெளிய எடுக்குது. பேசுறார், சிரிக்குறார், டீ கேக்குறார். அரை மணி நேரத்துல இறந்துடுறார். எப்படி? நசுங்கின தசைக்குள்ள இருந்த பொட்டாசியமும் மயோகுளோபினும், பாரம் நீங்கினதும் மொத்தமா ரத்தத்துல கலக்குது. பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும். தப்பிச்சா, மயோகுளோபின் சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்துல போகும், அப்புறம் நின்னுடும். 1941ல லண்டன் குண்டுவீச்சுல இடிபாட்டுல இருந்து எடுத்தவங்ககிட்ட எரிக் பைவாட்டர்ஸ்ங்கிற டாக்டர் இதைக் கண்டுபிடிச்சு எழுதினார். 1999 துருக்கி பூகம்பத்துல 639 பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு, அதுல 477 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டுச்சு. சில வாரம் தாக்குப்பிடிக்க வெச்சா பெரும்பாலும் சிறுநீரகம் பழையபடி வேலை செய்யும்ங்கிறதுதான் இதுல ஆறுதல்.

மருந்து என்ன தெரியுமா? உப்புத் தண்ணி. நார்மல் சலைன். ஆளை வெளிய எடுக்குறதுக்கு முன்னாடியே, இடிபாட்டுக்குள்ள வெச்சே கையில ஊசி போட்டு ஏத்த ஆரம்பிக்கணும். அதனால உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு: மாட்டினவரை உடனே எடுக்க முடிஞ்சா உடனே எடுங்க. மணிக்கணக்கா ஆகிடுச்சுன்னா, உயிருக்கு வேற ஆபத்து இல்லாத பட்சத்துல, 108 வந்து சலைன் ஏத்தின பிறகு பாரத்தை நீக்குங்க. இது பூகம்பத்துக்கு மட்டும் இல்ல. கிணறு வெட்டும்போது மண் சரிஞ்சாலும், கரும்பு லோடு டிராக்டர் கவிழ்ந்தாலும் இதேதான்.

2024 ஜூன்ல கருணாபுரத்துல நடந்ததை இந்த ஊர்ல யாரும் மறக்க முடியாது. கள்ளச்சாராயத்துல மெத்தனால். இருநூறுக்கு மேல பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க, அறுபதுக்கு மேல உயிர் போச்சு. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், ஜிப்மர்னு பிரிச்சு அனுப்ப வேண்டியிருந்துச்சு. மெத்தனாலுக்கும் டயாலிசிஸ்தான். ஒரே ராத்திரியில நூத்துக்கணக்கான பேர் வாசல்ல நின்னா ஒரு மாவட்டம் எப்படித் திணறும்னு நாம ஏற்கெனவே பார்த்துட்டோம். அன்னைக்கு ரோடு நல்லா இருந்துச்சு, கரன்ட் இருந்துச்சு, போன் வேலை செஞ்சுச்சு. நிலநடுக்கத்துல இது மூணும் இருக்காது. வெள்ளிமலைக்குப் போற ரோட்டுல ஒரு பாறை உருண்டாலே போதும். பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்துல இருந்து கிளம்பி வரணும். அதுவரைக்கும் மீட்புப் படைன்னா பக்கத்து வீட்டுக்காரன்தான்.

அதனால நான் கேக்குறது பெரிய பட்ஜெட் இல்ல. மலையில இருக்குற ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல மழைக்காலத்துக்கு முன்ன சலைன் இருப்பைக் கூட்டி வைக்கணும். எந்த மாவட்டத்துல எத்தனை டயாலிசிஸ் மெஷின், யார் யாரை எங்க அனுப்புறதுன்னு இப்பவே ஒரு தாள்ல எழுதி ஒட்டி வைக்கணும். வருஷத்துக்கு ஒரு ஒத்திகை, அதிகாரிங்க போட்டோவுக்கு நிக்குற ஒத்திகை இல்ல, கச்சிராயபாளையத்துக் கொத்தனாரும் ஜே.சி.பி. டிரைவரும் கலந்துக்குற ஒத்திகை. "வராத பூகம்பத்துக்கு எதுக்கு இதெல்லாம்"னு கேட்டீங்கன்னா, 2024 டிசம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலையில மலை சரிஞ்சு ஏழு பேர் போனாங்களே, அதுக்கு எந்தப் பூகம்பமும் வரல. மழைதான். சலைனுக்குக் காரணம் தெரியாது, எதுக்கு வெச்சாலும் உதவும்.

நிலம் ஆடுற அந்த அரை நிமிஷத்துல என்ன பண்றதுன்னு கேப்பீங்க. மாடிவீட்டுல இருந்தா படியில ஓடாதீங்க. மேஜைக்கோ கட்டிலுக்கோ அடியில போய்த் தலையை மறைச்சுக்கிட்டு அதோட காலைப் பிடிச்சுக்குங்க. ஓட்டு வீடு, வாசல் ரெண்டு எட்டுலன்னா வெளிய வந்து சுவர், கரன்ட் கம்பம் இல்லாத இடத்துல நில்லுங்க. நின்னதும் முதல்ல கேஸ் சிலிண்டரை மூடுங்க.

அந்தப் பெரியவர் நேத்து மறுபடி வந்தார், மாத்திரைக்கு இல்ல. டிசம்பர் லீவுல பேரப்பிள்ளைங்களோட வேளாங்கண்ணி போறாங்களாம், ரயிலா பஸ்ஸான்னு என்கிட்ட கேக்க வந்திருந்தார். நான் மருந்துச்சீட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் கடலை ஒரு கோடா, கரையை ஒரு கோடா வரைஞ்சேன். தண்ணி உள்ள போனா எந்தப் பக்கம் ஓடணும்னு அம்புக்குறி போட்டேன். மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். "கெழவிகிட்டயும் காட்டுறேன் சார், அவதான் பிள்ளைங்களைக் கையில புடிச்சுக்கிட்டு நிப்பா"ன்னார்.